‘ஓல்டு நம்பர் ஒன்’ என்பது எந்த வண்டி?



1990 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு பழைய பென்ட்லி கார் விலை பேசி முடிக்கப்பட்டது. விலை ஒரு கோடி பவுண்டு. ஒப்பந்தம் ஆன பிறகு வாங்கவிருந்த நிறுவனம் பின்வாங்கியது. “நீங்கள் விற்பதாகச் சொன்ன கார் இது இல்லை” என்றது. விற்றவர் நீதிமன்றம் போனார். வழக்கு நீதிபதி ஆட்டன் முன்னால் வந்தது. கடன், பாக்கி, ஏமாற்று என்று எத்தனையோ கார் வழக்குகள் நடந்திருக்கின்றன. இங்கே நீதிபதியிடம் கேட்கப்பட்டது வேறு: எதிரே நிற்கிற இந்தக் கார் எந்தக் கார்?

அந்த வண்டியின் பெயர் ‘ஓல்டு நம்பர் ஒன்’. பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929, 1930 என்று அடுத்தடுத்து வென்றது. ஒரே வண்டி இரண்டு முறை வென்றது லெ மான் வரலாற்றில் அதுவே முதல் தடவை. ஆனால் ‘ஒரே வண்டி’ என்று இப்போது நான் சொன்னேனே, அதில்தான் வழக்கே இருக்கிறது. ஆகவே வண்டியின் கதையை முதலில் சொல்லிவிட்டு வழக்குக்கு வருகிறேன்.

டபிள்யூ. ஓ. பென்ட்லி இளம் வயதில் டான்காஸ்டர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகியவர். முதல் உலகப் போரின்போது விமான எஞ்சின் வடிவமைத்தார். 1919-இல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். லண்டனின் வடமேற்கே கிரிக்கிள்வுட்டில் பட்டறை. லெ மான் பந்தயம் முதன்முதலாக 1923-இல் நடந்தபோது அவருக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. இருபத்து நான்கு மணி நேரம் விடாமல் விரட்டினால் எந்தக் காரும் தாங்காது என்பது அவர் எண்ணம். ஜான் டஃப் என்ற வாடிக்கையாளர் தன் சொந்த 3 லிட்டர் பென்ட்லியோடு கிளம்பினார். கம்பெனியின் பிராங்க் கிளெமென்ட் துணைக்குப் போனார். பாதையில் தெறித்த கல் ஒன்று பெட்ரோல் டேங்கைத் துளைத்துவிட்டது. டஃப் ஓடியே பிட்டுக்கு வந்து சேர, கிளெமென்ட் ஒரு சைக்கிளில் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டையை அடைத்து வண்டியைக் கொண்டுவந்தார். அப்படியும் நான்காம் இடம் கிடைத்தது. மறு ஆண்டு அதே இருவரும் வென்றார்கள். அதற்குமேல் பென்ட்லியை லெ மானிலிருந்து பிரிக்க முடியவில்லை.

நம் கதைக்குரியது ‘ஸ்பீட் சிக்ஸ்’ என்ற மாடல். ஆறு சிலிண்டர், 6,597 சி.சி., ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு. இன்று நான்கு வால்வு சர்வசாதாரணம்; நூறு ஆண்டுக்கு முன்னால் அப்படி இல்லை. இந்த எஞ்சினில் எனக்குப் பிடித்த இடம் பின்புறத்தில் இருக்கிறது. மேலே சுழலும் கேம் ஷாஃப்டுக்குக் கீழேயிருந்து ஓட்டம் கொடுக்க மற்றவர்கள் சங்கிலியோ பல்சக்கரமோ வைப்பார்கள். பென்ட்லி மூன்று இணைப்புத் தண்டுகளை வைத்தார். நீராவி ரயிலின் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டி முன்னும் பின்னும் ஆடும் தண்டு இருக்கிறதே, அதே ஏற்பாடு, நின்ற வாக்கில். டான்காஸ்டரில் கற்றது கையை விட்டுப் போகவில்லை. சத்தமும் குறைந்தது.

இன்னொன்று, சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. நடுவே கேஸ்கட் கிடையாது, ஆகவே கேஸ்கட் எரிந்துபோகும் பயமும் கிடையாது. பந்தயத்துக்கு அது பெரிய பலம். ஆனால் வால்வைத் தீட்ட வேண்டுமென்றால் ஹெட்டை மட்டும் கழற்ற வழியில்லை. பிளாக் முழுவதையும் பிஸ்டன்களிலிருந்து உருவி மேலே தூக்கியாக வேண்டும். ஆக, சின்ன வேலை என்று பட்டறைக்குள் நுழைந்தாலே இந்த வண்டி பாதி பிரிந்துவிடும். பிரித்த இடத்தில் நல்ல பாகம் கையில் இருந்தால் பழையதை யார் திரும்ப மாட்டுவார்கள்? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு எப்போதும் பணத் தட்டுப்பாடு. 1926-இல் வுல்ஃப் பர்னாட்டோ உள்ளே வந்தார். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரத்தில் பணம் குவித்த பார்னி பர்னாட்டோவின் மகன். முதலீடு செய்து கம்பெனித் தலைவரும் ஆனார். பணக்காரர் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். லெ மானில் மூன்று முறை ஓட்டினார், மூன்று முறையும் வென்றார்: 1928, 1929, 1930. தங்களிடம் இருந்த ஓட்டுநர்களில் அவரே தலைசிறந்தவர் என்று டபிள்யூ. ஓ. பிற்பாடு எழுதினார். முதலாளியைப் பற்றித் தொழிலாளி சொல்வதைக் கொஞ்சம் கழித்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் மூன்றுக்கு மூன்று என்ற கணக்கில் கழிக்க ஒன்றுமில்லை.

1929 பந்தயத்தை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் போட்டியே இல்லை. எண் 1 எழுதிய ஸ்பீட் சிக்ஸில் பர்னாட்டோவும் டிம் பர்கினும். முதல் சுற்றிலிருந்து கடைசிவரை முன்னணி. பின்னால் மூன்று 4½ லிட்டர் பென்ட்லிகள் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களில். வண்டியை வீணாக வதைக்க வேண்டாம், மெதுவாகப் போங்கள் என்று டபிள்யூ. ஓ. திரும்பத் திரும்ப சைகை காட்டிக்கொண்டிருந்தார். இதற்குமேல் மெதுவாகப் போக வேண்டுமென்றால் இறங்கித் தள்ளட்டுமா என்று ஓட்டுநர் ஜாக் டன்ஃபி கேட்டதாக ஒரு கதை அந்த வட்டாரத்தில் இன்றும் உலவுகிறது. நான்கு வண்டிகளும் வரிசையாக வந்து முடித்தன. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பெயரின் மூலம் அந்த எண்தான்.

1930 வேறு மாதிரி. இந்த முறை பர்னாட்டோவின் வண்டியில் எழுதியிருந்தது எண் 4. பக்கத்தில் கிளென் கிட்ஸ்டன். எதிரே ஒரே ஒரு மெர்சிடிஸ் எஸ்.எஸ்.கே. ஆனால் அதை ஓட்டியவர் ருடால்ஃப் கராச்சியோலா. அந்தக் காலத்து ஜெர்மானிய ஓட்டுநர்களில் அவருக்கு நிகர் இல்லை. அந்த மெர்சிடிஸில், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் எந்நேரமும் ஓடாது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தால்தான் அது சேர்ந்துகொள்ளும். சேர்ந்தவுடன் வீலென்று அலறும். தேவைப்படும்போது சில விநாடி பயன்படுத்திக்கொள்வதற்கான ஏற்பாடு அது. நெடுநேரம் மிதித்துக்கொண்டிருந்தால் எஞ்சின் தாங்காது.

மிதிக்க வைப்பது எப்படி என்பதுதான் பென்ட்லிக்காரர்களின் கணக்கு. டிம் பர்கின் இந்த முறை தனியணி. டோரதி பேஜெட் என்ற சீமாட்டியின் பணத்தில், 4½ லிட்டர் பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜர் மாட்டி ஓட்டினார். எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது அதன் அமைப்பையே கெடுப்பது என்று டபிள்யூ. ஓ.வுக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆனாலும் பந்தயத் தொடக்கத்தில் அந்த வண்டிதான் காரியம் செய்தது. லெ மானின் முல்சான் நேர்பாதையில் பர்கின் மெர்சிடிஸைத் துரத்திப் பிடித்து, இரண்டு சக்கரம் புல்லில் இறங்க, டயரின் மேல்தோல் கிழிந்து பறக்க, அப்படியே தாண்டினார். கராச்சியோலா திரும்ப மிதித்தார். பர்கின் பின்வாங்கிய பிறகு ஸ்பீட் சிக்ஸ்கள் முறைவைத்து நெருக்கின. இரவெல்லாம் இந்த ஆட்டம் நடந்தது. பின்னிரவில் மெர்சிடிஸ் நின்றுவிட்டது. பேட்டரியில் உயிரில்லை. பர்னாட்டோவும் கிட்ஸ்டனும் முதலிடம். கிளெமென்டும் வாட்னியும் ஓட்டிய இன்னொரு ஸ்பீட் சிக்ஸ் இரண்டாமிடம். 24 மணி நேரத்தில் வென்ற வண்டி ஓடிய தூரம் 2,930 கிலோமீட்டர்.

இந்த இரண்டு வெற்றிகளுக்கும் இடையில் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு மாதத்தைப் பற்றிப் பந்தயப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

பந்தயம் முடிந்த வண்டி கிரிக்கிள்வுட்டுக்குத் திரும்பும். முழுக்கப் பிரிப்பார்கள். தேய்ந்தது, விரிசல் விட்டது, சந்தேகத்துக்குரியது எல்லாம் வெளியே போகும். வேறு ஸ்பீட் சிக்ஸில் நல்ல ஆக்சில் இருந்தால் அது இங்கே வரும். இங்கிருந்த கியர் பாக்ஸ் அங்கே போகும். போன பந்தயத்தில் காட்டிக்கொடுத்த குறைக்கு மருந்தாகப் புதிதாக வார்த்த பாகம் சேரும். சேசிஸே மாறலாம். கம்பெனி வண்டிகளுக்கு எந்தப் பாகம் எங்கே போனது என்று சர்வீஸ் பதிவேடு உண்டு. ஆனால் நாளைக்குப் பந்தயம் என்றால் இரவு வேலை செய்யும் மெக்கானிக் முதலில் எடுப்பது ஸ்பேனரைத்தான், பேனாவை இல்லை. அவர்களுக்கு வேண்டியது அடுத்த பந்தயத்தில் ஜெயிக்கிற வண்டி. அறுபது ஆண்டு கழித்து வக்கீல்கள் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

1931 ஜூலையில் கம்பெனி கடனில் மூழ்கி, கடனை மீட்கும் ரிசீவர் கைக்குப் போனது. நேப்பியர் கம்பெனிதான் வாங்கப்போகிறது என்று டபிள்யூ. ஓ. உட்பட எல்லோரும் நம்பியிருந்தார்கள். கடைசி நேரத்தில் பெயர் தெரியாத ஒரு டிரஸ்ட் கூடுதல் தொகை சொல்லித் தட்டிக்கொண்டு போனது. அதன் பின்னால் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ். கம்பெனி கைமாறிக்கொண்டிருந்த அந்த ஆண்டிலும் ஓல்டு நம்பர் ஒன் ஓய்வெடுக்கவில்லை. ப்ரூக்லாண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தை ஜாக் டன்ஃபியும் சிரில் பாலும் அதை ஓட்டி வென்றார்கள். சராசரி வேகம் மணிக்கு 118 மைல், அதாவது 190 கிலோமீட்டர்.

ப்ரூக்லாண்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. லண்டனுக்குத் தென்மேற்கே, 1907-இல் பந்தயத்துக்கென்றே கட்டிய கான்கிரீட் பாதை. வளைவுகளில் ஓரம் சுவர்போல உயர்ந்திருக்கும். ஏறக்குறைய 30 அடி. வேகமான வண்டி உச்சி விளிம்பை ஒட்டித்தான் ஓடும். விளிம்புக்கு மேல் தடுப்புச் சுவர் கிடையாது. கான்கிரீட் அங்கங்கே அமுங்கி, மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒரு வண்டி நாலு சக்கரமும் தரையை விட்டுத் தாவுகிற புகைப்படங்கள் அந்த இடத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

1932-இல் இந்தப் பாதைக்காகவே ஓல்டு நம்பர் ஒன் மாற்றப்பட்டது. 6½ லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு 8 லிட்டர் எஞ்சினை ஏற்றினார்கள். பழைய பென்ட்லி கம்பெனி கடைசியாகச் செய்த பெரிய எஞ்சின் அது. அந்த மாடலில் மொத்தமே 100 கார்தான் வெளிவந்தன. செப்டம்பர் 24 அன்று 500 மைல் பந்தயம். அண்ணன் ஜாக் ஓட்டி முடித்து, தம்பி கிளைவ் டன்ஃபியிடம் வண்டியைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வளைவின் உச்சியில் வண்டி விளிம்பைத் தாண்டி வெளியே பாய்ந்தது. மரங்களில் மோதிக் கீழே விழுந்தது. கிளைவ் அங்கேயே இறந்தார். அவர் மனைவி ஜேன் பாக்ஸ்டர், நடிகை. ஜாக் அதோடு பந்தயத்தை விட்டார்.

வண்டியின் எச்சத்தை பர்னாட்டோ குப்பையில் போடவில்லை. மீண்டும் கட்டச் சொன்னார், இந்த முறை சாலையில் ஓட்டும் மூடிய இரண்டு கதவுக் காராக. அப்படியே அது பந்தயத்திலிருந்து வெளியேறி, கைமாறிக் கைமாறிப் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. கடைசியாக வாங்கியவர், அதாவது வழக்கில் விற்பவர், மூடிய பாடியை எடுத்துவிட்டுப் பந்தயக் காலத்துத் திறந்த தோற்றத்துக்கு அதைத் திருப்பினார்.

இப்படித் திருப்புவது பென்ட்லி உலகில் நீண்ட கால வழக்கம். எத்தனையோ நல்ல மூடிய பாடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு லெ மான் பாணியில் சட்டம் அடித்து, துணி ஒட்டி, பச்சை பூசியிருக்கிறார்கள். ஒரு வயதான பெரியம்மா மருத்துவரிடம் போய்வர வைத்திருந்த கார்கூட இன்று பந்தய வீரன் வேடத்தில் நிற்கிறது. எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. ஓல்டு நம்பர் ஒன் விஷயத்தில் அந்தக் குற்றத்தைச் சொல்ல முடியாது; அது நிஜமாகவே பந்தயத்தில் ஓடியது. ஆனால் ஓடியபோது எப்படி இருந்ததோ அப்படியா இப்போது இருக்கிறது?

இனி வழக்கு. நிபுணர்கள் வண்டியைப் பாகம் பாகமாக ஆராய்ந்தார்கள். எந்தப் பாகம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று நீதிபதி முடிவு செய்த பட்டியல் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1929-இல் வென்ற வண்டியிலிருந்து ஒன்றும் மிஞ்சவில்லை. காலம் குறிக்க முடியாத சில சில்லறைப் பொருத்துகள் வேண்டுமானால் இருக்கலாம். 1930-இல் வென்ற வண்டியிலிருந்து மூன்றே மூன்று: பெடல் தண்டு, கியர் பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டீயரிங் தண்டு. மற்றபடி சேசிஸ் சட்டம், ஸ்பிரிங்குகள், முன் ஆக்சில், பின் ஆக்சிலின் கூடு, பின் பிரேக், 8 லிட்டர் எஞ்சின் எல்லாம் 1932-ஆம் ஆண்டு வண்டியினுடையவை.

அந்த மூன்று பாகங்களைப் பாருங்கள். கால் மிதித்த தண்டு, கை பிடித்த தண்டு, கியர் போட்ட பெட்டி. பர்னாட்டோவின் உடம்பு தொட்ட இடங்களாகவே மிஞ்சியிருக்கின்றன. தற்செயல்தான். ஆனால் ஏலக் கம்பெனிக்காரர் யாராவது இதைக் கேட்டால் விலைப்பட்டியலில் எழுதிவிடுவார்.

வாங்க மறுத்தவர்களின் வாதம் எளிது: லெ மானில் வென்ற உலோகம் இங்கே இல்லை, ஆகவே லெ மானில் வென்ற வண்டி இல்லை. நீதிபதி பாதி ஒப்புக்கொண்டார். தொழிற்சாலையை விட்டு வந்த அசல் வண்டி என்று இதைச் சொல்ல முடியாது என்றார். 1929 அல்லது 1930 பந்தய வண்டி அப்படியே பிழைத்து வந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது என்றார். ஆனால் இது ஓல்டு நம்பர் ஒன்தான், அந்தப் பெயருக்கு உண்மையான உரிமை உள்ள வண்டி இதுவே என்று 1990 ஜூலை 27 அன்று விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். காரணம்: மாற்றங்கள் ஒவ்வொன்றாக, வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதே நடந்தன. புதிய பாகம் எதுவும் வண்டியின் அடையாளத்தைக் கலைக்கவில்லை; வண்டிதான் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. நான்கு பந்தயப் பருவங்கள் இடைவெளி விடாமல் ஓடிய வரலாறு அதற்கு இருக்கிறது. அந்தப் பெயரைக் கோர இன்னொரு பென்ட்லி உலகில் இல்லை, இருந்ததும் இல்லை. விலை பேசியபோது விற்பனைக்கு இருந்தது உலோகம் மட்டும் இல்லை. அந்த வரலாறும் புகழும் சேர்த்துத்தான்.

நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. கோயில் தேரில் அச்சு மாறுகிறது, சக்கரம் மாறுகிறது, தட்டுகள் புதிதாக இழைக்கப்படுகின்றன. யாரும் இது வேறு தேர் என்று வழக்குப் போட்டதில்லை. ஆனால் தேரை யாரும் விற்பதில்லை. விலை என்று ஒன்று வந்ததும் ஒவ்வொரு ஆணியும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கிறது.

தீர்ப்பு சரி என்பது என் கட்சி. பந்தய வண்டியைப் பாகங்களின் வயதை வைத்து அளந்தால், ஒரு பருவத்துக்குமேல் ஓடிய எந்த வண்டிக்கும் பெயரே மிஞ்சாது. மாறாமல் இருக்க வேண்டுமென்றால் அது பந்தயத்தில் ஓடாமல் இருந்திருக்க வேண்டும். நீதிபதி இதைப் புரிந்துகொண்டார்.

நான் மாறுபடுவது சீரமைப்பில்தான். நீதிமன்றத்தின் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். சட்டமும் ஆக்சிலும் எஞ்சினும் 1932-ஐச் சேர்ந்தவை. அதாவது இது கிளைவ் டன்ஃபி இறந்த வண்டி. இந்த உடம்புக்கு மேல் போர்த்தியிருப்பதோ லெ மான் வெற்றிக் காலத்து உடை. தொடர்ச்சியான வரலாறு என்பதால்தான் இந்த வண்டிக்கு அந்தப் பெயர் கிடைத்தது. ஆனால் சீரமைத்தவர்கள் அந்தத் தொடர்ச்சியில் விலை கூடிய இரண்டு ஆண்டுகளை மட்டும் காட்டிவிட்டு மற்றதை உள்ளே மறைத்தார்கள். பர்னாட்டோ கட்டச் சொன்ன மூடிய கார் பல பத்தாண்டுகள் நிஜமாக இருந்தது. பந்தயத்தில் ஓடியதைப் போலப் பல மடங்கு காலம். அதை விட்டுவைத்திருந்தால் வண்டி தன் வாயாலேயே முழுக் கதையையும் சொல்லியிருக்கும். விலை குறைந்திருக்கும், அது வேறு விஷயம்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றது. வண்டியின் வாழ்நாளில் நேர்ந்த மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதி, அவற்றையும் மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த வண்டிக்கு அது இருபது ஆண்டுக்குமேல் தாமதமாக வந்தது.

இதற்கிடையே பென்ட்லி கம்பெனியே ஸ்பீட் சிக்ஸைத் திரும்பச் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டே கார். பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, பழைய வண்டிகளை அளந்து, அதே முறையில். ஆறு சிலிண்டர், அதே மூன்று தண்டு. இவற்றை யாரும் ஓல்டு நம்பர் ஒன் என்று சொல்லப்போவதில்லை, கம்பெனியும் சொல்லவில்லை. 1929-இல் லெ மானில் நின்ற வண்டியோடு எதிர்காலத்து நிபுணர் ஒருவர் இவற்றை ஒப்பிட்டால், பாகத்துக்குப் பாகம், அளவுக்கு அளவு, 1990-இல் நீதிமன்றம் பார்த்த வண்டியைவிட இவைதான் அதற்கு நெருக்கமாக இருக்கும். ஆட்டனின் அளவுகோலை எடுத்தால் அந்தப் பெயரில் இவற்றுக்கு ஒரு பைசா உரிமைகூட இல்லை, ஏனென்றால் இவை எங்கும் ஓடவில்லை, எதையும் இழக்கவில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள்; கியர் பாக்ஸைப் பற்றி நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.